கொப்பியை மாற்றிக்கொள்ளும் நேரம்

(பதுளையில் தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கைக்காசு சேர்த்து வைத்தது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளை ஒருவராக நின்று நடத்தியவர் அவர். அப்படியான பாடசாலையில் ஆசிரியர் ஒரு வகுப்போடு இருக்கும்போது மற்ற நான்கு வகுப்பும் தமக்குள்ளேயே படித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கும். வேறு வழியில்லாமல் வந்த பழக்கம்தான். ஆனால் அந்த மண்டபத்திலிருந்து வந்தவர்களில் பலர் இன்றும் நன்றாக எழுதுகிறார்கள். அவர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் ஒரு சிறிய விஷயத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். கூடப் படிக்கும் ஒருவர் எழுதிய வரைவை, பிள்ளைகள் சொல்வதுபோல் 'ரஃப் கொப்பி'யை, வாசித்துவிட்டு அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் அது.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்து, டவுனில் ஒரு பாடசாலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் 'எனது கிராமம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிராமம் இல்லை, தோட்டம்தான் இருந்தது. அதையே எழுதினேன். விடியும் முன்னே பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பதையும், லயத்துக் கோடியில் பீலியடியில் வாளிகள் வரிசையாக இருப்பதையும் எழுதினேன். வாளிகளுக்குச் சொந்தக்காரர்கள் அடுப்படியில் இருப்பார்கள், வாளிதான் அவர்களுக்காக வரிசையில் நிற்கும் என்றும் எழுதியது நினைவிருக்கிறது. கொப்பிகளை மாற்றித் திருத்தச் சொன்னார் ஆசிரியர். என் கொப்பி திரும்பி வந்தபோது பெரட்டு, லயம், பீலி என்ற மூன்று சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இது தமிழா?' என்று எழுதியிருந்தது. பக்கத்து வாங்கில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த மாணவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொப்பி மாற்றுவது என்றால் பிழை பிடிப்பது என்றுதான் அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் பிடித்தான். வாளிகள் வரிசையில் நின்றதை அவன் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை. அதன் பிறகு என் கட்டுரைகளில் ஆட்கள் 'அணிவகுத்து' நின்றார்கள், 'குடியிருப்பு'களில் வாழ்ந்தார்கள், 'நீரூற்று'களில் தண்ணீர் எடுத்தார்கள். நல்ல புள்ளி கிடைத்தது. எங்கள் தோட்டம் அந்தக் கட்டுரைகளில் இல்லாமல் போனது.

நம் மரபில் கூடப் படித்தவருக்கு இருந்த இடம் இதுவல்ல. நன்னூல் கற்றவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதும் தகுதி யாருக்கு உண்டு என்று அதில் பவணந்தி முனிவர் சொல்கிறார். முதலில் நூலை எழுதியவருடைய ஆசிரியர். அடுத்ததாக அவரோடு கூடக் கற்றவர். மாணாக்கரும் உரைகாரரும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராய்ப் படித்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் நூலை ஒரு வகுப்புத் தோழரின் சொற்களைத் தாண்டித்தான் நாம் திறக்கிறோம். தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் கேள்வி கேட்டவர் அதங்கோட்டாசான். நூலை வாசித்து, அது என்ன செய்கிறது என்று எடுத்துச் சொன்னவர் கூடப் படித்தவர். இரண்டும் வேறு வேறு வேலை. இந்த வேறுபாட்டைத்தான் நாம் வகுப்பறையில் தொலைத்துவிட்டோம்.

நன்னூலின் பாயிரத்தில் ஒரு கணக்கும் வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் நம்மிடம் வந்து சேரும். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன். வகுப்பறையில் செய்து பார்க்க எனக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. அந்த 14 ஆண்டுகளும் கால் பங்கோடு நின்றுவிட்ட ஆண்டுகள் என்று இப்போது வருத்தத்தோடு நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று நன்னூல் பத்தைச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும் அந்தப் பட்டியலில், பிழையான சொல்லைப் பற்றியது ஒன்றே ஒன்று: வழூஉச்சொல் புணர்த்தல். மற்ற ஒன்பதும் வாசிக்கிறவருக்கு நேர்வதைப் பற்றியவை. போதாமல் சொன்னால் அவருக்குத் தெரியாமல் போகிறது. சொன்னதையே சொன்னால் சலிக்கிறது. நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்தால் ஏமாற்றமாகிறது. நம் பிள்ளைகள் கொப்பி மாற்றித் திருத்தும்போது ஒன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றையே பிடித்துக்கொள்கிறார்கள். லகர ளகர ழகரம், ரகர றகரம், னகர ணகரம், அதற்கு மேல் 'கையெழுத்து சரியில்லை'. வேலை முடிந்தது.

சொல்வதெழுதலுக்குக் கொப்பி மாற்றுவதில் தவறில்லை. அங்கே விடை ஒன்றுதான், சரியும் பிழையும் போட்டுவிடலாம். கட்டுரைக்கும் அதே கையோடு வந்து உட்கார்வதுதான் தவறு. கூடப் படிக்கிறவர் ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தால் வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஆகிறார்கள். வாசகர் ஒருவரும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நமுனுகுல மலையடிவாரத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10 வகுப்பில் ஒரு மாணவி எழுதிய வரைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைப்பு 'மலையக மக்களின் வாழ்வு'. இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்திருக்கும் மலையகத்திலே என்று தொடங்கியது. இந்தத் தொடக்கத்தை ஊவாவில் திருத்தியிராத தமிழ் ஆசிரியர் இருக்க முடியாது. பிள்ளைகள் அதைப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து பாடமாக்கி வைத்திருப்பார்கள். மூன்றாம் பந்தியில், 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் எமது உறவினர் பலர் இந்தியா சென்றனர், இதனால் குடும்பங்கள் பிரிந்தன என்று இரண்டு வாக்கியம். எழுத்துப்பிழை இல்லை. ஆண்டு சரி. பழைய முறையில் நான் திருத்தியிருந்தால் 'நன்று' போட்டுக் கொடுத்திருப்பேன்.

அந்தத் தவணையில்தான் நான் முறையை மாற்றியிருந்தேன். சிவப்புப் பேனை யாருக்கும் கிடையாது, பென்சில்தான். வாசிக்கிறவர் ஓரத்தில் எழுத வேண்டியது மூன்று: கண்ணில் படம் தெரிந்த இடம், வாசித்துக்கொண்டு போகையில் தடுமாறி நின்ற இடம், எழுதியவரிடம் கேட்க ஆசைப்படும் ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்த வரைவை வாசித்த தோழி கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சேர், படம் ஒன்னும் தெரியல சேர். அப்பிடியே எழுதலாமா?"

"உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு எழுது. அவளத் திட்டாத. உனக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுது" என்றேன்.

எழுதினாள். பிறகு மூன்றாம் பந்திக்குப் பக்கத்தில் கேள்வியையும் எழுதினாள்: 'ஒங்க வீட்டுல யாரு போனா? கோச்சி ஏத்த யாரு போனீங்க?'

எழுதிய பிள்ளைக்கு விடை தெரியாது. வீட்டுக்குப் போய் அம்மாயியிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து வந்த வரைவில் அந்த இரண்டு வாக்கியம் ஒரு பக்கமாகியிருந்தது. போனவர் அம்மாயியின் அண்ணன். பதுளை ஸ்டேஷனில் கோச்சியில் ஏறியவர், ஜன்னலால் கையை நீட்டி, மழைக்குப் போட்டுக்கொள்ளும் தன் கம்பளியைத் தங்கையிடம் கொடுத்திருக்கிறார். 'அங்க வெயிலாம் புள்ள, எனக்கு எதுக்கு' என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்.

இரண்டாம் தடவையும் தோழி வாசித்தாள். இந்த முறை என்னிடம் வரவில்லை. படம் தெரிந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தாள். கேள்வி மட்டும் மறுபடியும் இருந்தது: 'அந்தக் கம்பளிய அம்மாயி என்ன செஞ்சாங்க?' பெட்டியில் மடித்து வைத்துப் பாதுகாத்தார்கள் என்று வரும் என நான் எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தானே வரும். மூன்றாம் வரைவில் வந்தது வேறு. அம்மாயி அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். கிழிந்து நூலாகும் வரைக்கும் மழைக்கு அதையே போட்டுக் கொழுந்து எடுத்திருக்கிறார். பச்சைக் கம்பளம் விரித்த முதல் வரியை யாரும் வெட்டச் சொல்லவில்லை. அவளே வெட்டியிருந்தாள். கம்பளத்தில் தொடங்கிய கட்டுரை கம்பளியில் வந்து நின்றது.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ஆசிரியர் கேட்டால் பிள்ளை சரியான விடையைத் தேடும். ஒப்பந்தத்தின் சரத்துகளைத் தேடிக்கொண்டு வந்திருப்பாள். தோழி கேட்டபோது அது ஆசையாகக் கேட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒருவருக்குச் சொல்வதுதான் எழுத்து. பரீட்சைக் கட்டுரையில் அந்த ஒருவர் இல்லை. அவரைக் கொண்டுவந்து பக்கத்து வாங்கில் உட்கார வைப்பதற்குத்தான் கொப்பி மாற்றிக்கொள்கிறோம்.

இதை உலகில் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறார்கள். பீற்றர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973 இல், ஆசிரியர் இல்லாமலே எழுதப் பழகுவது பற்றி ஒரு நூல் எழுதினார். வாசிக்கிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், வாசிக்கும்போது தமக்குள் நடந்ததை அப்படியே சொல்லட்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பொய்சி நகரத்தில் முதலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வண்ணத்துப்பூச்சியைப் படமாக வரைந்த கதையை ரொன் பேர்கர் என்ற ஆசிரியர் ஊர் ஊராகச் சொல்லி வருகிறார். முதலில் வரைந்தது எல்லாச் சிறுவர்களும் வரைகிற பூச்சி. வகுப்புப் பிள்ளைகள் உண்மைப் பூச்சியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறகின் வடிவத்தைப் பற்றி மட்டும் முதலில் சொன்னார்கள். வடிவம் வந்த பிறகு உள்ளே இருக்கும் கோடுகளைப் பற்றிச் சொன்னார்கள். நிறத்தைக் கடைசியில்தான் தொட்டார்கள். ஆறாவது தடவை அவன் வரைந்ததை அறிவியல் புத்தகத்தில் போடலாம். பேர்கர் பிள்ளைகளிடம் கேட்பது மூன்றுதான்: அன்பாகச் சொல், குறிப்பாகச் சொல், உதவும்படி சொல். ஆறு வயதுப் பிள்ளைகளால் முடிந்தது நம் தரம் 10 பிள்ளைகளால் முடியாதா?

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும் கொடுத்தார், இன்னொரு பகுதிக்குப் புள்ளி மட்டும், மூன்றாவது பகுதிக்குப் புள்ளியும் குறிப்பும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் வந்த நன்மையைப் புள்ளி தின்றுவிட்டது. புள்ளியைப் பார்த்த பிள்ளை பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காது. இது உங்களுக்கும் தெரியும், கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கண்கள் முதலில் எங்கே போகின்றன என்று பார்த்திருக்கிறீர்கள். ஆகவே வரைவுக்குப் புள்ளி போடாதீர்கள். தோழர்கள் ஒருவருக்கொருவர் பத்துக்கு ஏழு என்று போட்டுக்கொள்ள விடவே விடாதீர்கள்.

இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றாலும் பொருந்தும்.

ஒரு பையன் தன் அம்மாவின் ஒரு நாளைப் பற்றி எழுதினான். அம்மா 18 கிலோ கொழுந்து எடுத்தாள், பேர் விழுந்தது, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினாள் என்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் இதில் ஒரு குறையும் காணமாட்டார். கொப்பியை வாசித்த பையன் பென்சிலால் எழுதினான்: 'மடுவத்துல தண்ணிக்கு எத்தன கிலோ கழிச்சாங்க? படங்குல கொட்டி கரட்டு இலை பொறுக்கச் சொல்லலியா?' ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று தராசில் கழிப்பதை மடுவத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அம்மா உண்மையில் பறித்தது எவ்வளவு, பேரில் விழுந்தது எவ்வளவு, நடுவில் போனது எவ்வளவு என்று அந்தக் கட்டுரை அதற்குப் பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கியது. 'மகிழ்ச்சியோடு' என்ற சொல்லை அவனே எடுத்துவிட்டான்.

நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கும் வாசகர் இப்படிப்பட்டவர். பக்கத்து லயத்தில் பிறந்தவர், அதே பீலியில் தண்ணீர் பிடித்தவர், எழுதியதில் எது உண்மை, எது புத்தகத்திலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தவர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எவ்வளவு பெரிய புலவர் இருந்தாலும் இந்த ஒரு கேள்வியை அவரால் கேட்க முடியாது. அந்த வாசகரின் கையில் சிவப்புப் பேனையைக் கொடுத்து 'இது தமிழா?' என்று எழுத வைப்பது பெரிய அநியாயம்.

'இது தமிழா?' என்ற கேள்விக்கு நம் பக்கத்து மண்ணிலிருந்தே விடை வந்திருக்கிறது. ஹாலி-எலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 1960களில் வீரகேசரி மலையக எழுத்தாளர்களுக்குச் சிறுகதைப் போட்டிகள் நடத்தியபோது வெளியே தெரியவந்த தலைமுறை அவருடையது. பரிசு பெற்ற கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. அவருடைய 'நாமிருக்கும் நாடே' தொகுப்பு 1979 இல் வந்தது. அதை வைகறை வெளியீடாகக் கொண்டுவந்தவர் பதுளைக்காரரான மு. நித்தியானந்தன். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'வையும் அவரே நூலாக்கினார். ஒரு தோட்டத்துப் பிள்ளை எழுதியதை அதே மண்ணில் வளர்ந்த இன்னொருவர் வாசித்து, இது அச்சாக வேண்டியது என்று சொன்னதால் அந்த நூல்கள் நம் கையில் இருக்கின்றன. தெளிவத்தை ஜோசப் 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022 இல் மறைந்தார்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் 'நாமிருக்கும் நாடே' என் கைக்கு வந்தது. தோட்டத்தில் பேசும் சொற்கள் வட்டமில்லாமல், அடிக்கோடில்லாமல், மற்றச் சொற்களைப் போலவே அச்சில் நின்றன. ஒன்பதாம் வகுப்பில் என்னிடமிருந்து போனவை அன்று திரும்பி வந்தன. அடுத்த கடிதத்தில் அம்மாவுக்கு 'பீலித் தண்ணி ஒழுங்கா வருதா?' என்று எழுதினேன். அதுவரைக்கும் வீட்டுக்குக்கூட 'குடிநீர்' என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

எழுத்துத் தமிழை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையில் நம் பிள்ளை பிழையின்றி எழுத வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ழகரம் பிழைத்தால் திருத்தத்தான் வேண்டும். அதைக் கடைசி வரைவில், ஆசிரியர் செய்யலாம். முதல் வரைவில் பிழை பிடித்தால் பிள்ளை சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பிழை வராத சொற்களைத் தேடிப் போய்விடும். வண்ணத்துப்பூச்சிக்கு நிறத்தைக் கடைசியில் தொட்டதும் இதற்காகத்தான்.

சொல்லும் முறையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்கிறேன். 'நல்லா இருக்கு', 'சூப்பர்' என்று எழுதினால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த வரி நன்றாக இருந்தது என்று கோடு போடுங்கள். 'போரிங்' என்று எழுதினாலும் அப்படித்தான். எந்த இடத்தில் உங்கள் மனம் வேறெங்கோ போனது என்று காட்டுங்கள். 'உன் கட்டுரை விளங்கவில்லை' என்பதைவிட 'இந்த இடத்தில் எனக்கு விட்டுப்போச்சு' என்பது மேல். விட்டுப்போனது உங்களுக்கு, அதை அவரால் மறுக்க முடியாது. அவர் வாக்கியத்தை நீங்கள் மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் வாக்கியம் அழகாகவே இருக்கலாம், ஆனால் அது உங்களுடையது. ஒரு வரைவுக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். பதினைந்து குறிப்பு எழுதிய கொப்பியைத் திறக்க யாருக்கும் மனம் வராது.

எழுதியவருக்கும் ஒரு வேலை உண்டு. தோழர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் கேளுங்கள். ஒரு மாணவி, குறிப்பில் இருந்த கேள்விக்குப் பத்து நிமிடம் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டுத் தோழி சொன்னாள்: "இதத்தானேடி எழுதணும்." கேட்ட எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பது எழுதியவரின் உரிமை. தோழர் தவறாகவும் சொல்லக்கூடும். ஆனால் அவர் தடுமாறிய இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அங்கே ஒருமுறை நின்று பாருங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் யார் யாருடைய கொப்பியை வாசிப்பது என்று நானே தீர்மானித்தேன். ஒரு பையன் தன் தகப்பனின் குடியைப் பற்றி எழுதியிருந்தான். சம்பள நாளில் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எழுதியிருந்தான். வாசித்தவன் இடைவேளையில் அதை மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். எழுதிய பையன் ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. தெரிந்திருப்பது வேறு, மகன் எழுதியதை எடுத்துச் சிரிப்பது வேறு. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு என் வகுப்பில் ஒரு விதி வந்தது. யாரிடம் கொடுப்பது என்று எழுதியவரே தீர்மானிப்பார். மடித்து வைத்த பக்கத்தை யாரும் திறக்கக்கூடாது, ஆசிரியரும்தான். பிள்ளைகள் இந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

குறிப்பே எழுதக்கூடாத வரைவுகளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்தது. லயங்கள் மண்ணுக்கடியில் போயின. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள், திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஊவாவின் பல வகுப்பறைகளில் பிள்ளைகள் அதைப் பற்றி எழுதினார்கள். இயற்கையின் கோரத் தாண்டவம் என்று பத்திரிகைத் தலைப்பை அப்படியே எடுத்து எழுதியவர்கள் உண்டு. அவர்களிடம் 'நீ அன்னிக்கு எங்க இருந்த?' என்று தோழர்கள் கேட்டது சரிதான். ஆனால் உறவைப் பறிகொடுத்த பிள்ளை எழுதியதற்கு அந்தக் கேள்வி கூடாது. மூன்று குறிப்பும் கூடாது. அப்படியான வரைவின் அடியில் 'வாசித்தேன்' என்று எழுதித் தன் பெயரையும் போட்டுக் கொடுத்தால் போதும் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வந்தேன். அந்த ஒரு சொல்லை ஒரு பிள்ளை திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்ததை நான் கண்டேன்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பரீட்சை வருகிறது, அதிபர் கேட்பார், வலயக் கல்வி அலுவலகம் கேட்கும். ஆசிரிய ஆலோசகராக நானும் பல பாடசாலைகளில் அப்படிக் கேட்டவன்தான். ஒரு தவணையில் ஆறு கட்டுரை எழுத வைத்து ஆறையும் தனியாக உட்கார்ந்து இரவிரவாகத் திருத்துகிறோம். அதை இரண்டாகக் குறைத்து ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுத வைத்தால் பிள்ளை எழுதும் பக்கம் குறையாது, நாம் திருத்தும் கொப்பி குறையும். 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் வாசிக்க, பத்து நிமிடம் குறிப்பு எழுத, பத்து நிமிடம் இருவரும் பேச, மீதி எழுதியவர் தன் கொப்பியோடு இருக்க. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கணினி வேண்டாம், அமைச்சின் சுற்றறிக்கை வேண்டாம். பென்சில் வேண்டும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் தவணையில் ஒரேயொரு கட்டுரைக்கு இதைச் செய்து பாருங்கள். முதல் நாள் சத்தமாக இருக்கும், இரண்டாம் நாள் சிலர் வம்பு செய்வார்கள், விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் கைக்கு ஒரு கொப்பி வரும். அதில் 'பெரட்டு' என்று எழுதியிருந்தால் வட்டம் போடாதீர்கள். அன்றைக்குப் பெரட்டில் யார் யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.